சூழல் மாறிகள்: நிரல் பிறக்கும்போதே பெற்றுவரும் பட்டியல்

நிரலாக்கத்தைப் புதிதாகக் கற்பவர்களில் பெரும்பாலோர் ஒருமுறையேனும் சந்திக்கும் குழப்பம் ஒன்று உண்டு. விண்டோஸின் அமைப்புகளுக்குள் சென்று ஒரு சூழல் மாறியை, அதாவது நிரல்கள் படித்துக்கொள்ளக்கூடிய ஒரு பெயரையும் அதன் மதிப்பையும், புதிதாகச் சேர்க்கிறார்கள். முன்பே திறந்து வைத்திருந்த முனையத்துக்கு, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்துக்கு, திரும்பி வந்து தங்கள் பைத்தான் நிரலை ஓட்டுகிறார்கள். அப்படி ஒரு மாறியே இல்லை என்று நிரல் சாதிக்கிறது. அமைப்புகளை மறுபடியும் திறந்து பார்த்தால் மாறி அங்கேதான் இருக்கிறது. முனையத்தை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தவுடன் எல்லாம் சரியாகிவிடுவதால், கணினிக்கு ஏதோ கிறுக்குப் பிடித்திருந்தது என்று எண்ணி அதை அப்படியே விட்டுவிடுகிறோம். கணினிக்குக் கிறுக்கு ஏதுமில்லை. சூழல் மாறி எங்கே இருக்கிறது என்பதை நாம்தான் தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

"சிஸ்டம் என்விரான்மென்ட் வேரியபிள்" என்னும் பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். கணினியின் நடுவே ஒரு பொதுப் பலகை இருப்பதாகவும், அதில் பெயர்களும் மதிப்புகளும் எழுதப்பட்டிருப்பதாகவும், எந்த நிரலும் எப்போது வேண்டுமானாலும் அதை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்பதாகவும் அந்தப் பெயர் ஒரு படத்தை மனத்தில் எழுப்பிவிடுகிறது. நிரல்கள் படிப்பது அப்படியொரு பலகையை அன்று. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், அதாவது நிரலாளர்கள் ப்ராசஸ் என்று சொல்லும் ஒவ்வொரு செயல்முறைக்கும், தனக்கே உரிய பட்டியல் ஒன்று இருக்கிறது. அந்தச் செயல்முறையைத் தொடங்கிவைத்த இன்னொரு செயல்முறை, தொடங்கும் அந்தக் கணத்தில் அதன் கையில் கொடுத்தனுப்பிய நகல் அது. ஒரு நிரல் சூழல் மாறியைப் படிக்கிறது என்று நாம் சொல்லும்போது, அது படிப்பது தன் சொந்த நினைவகத்துக்குள் இருக்கும் இந்த நகலைத்தான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், சூழல் மாறிகளைப் பற்றிய மற்ற விதிகளில் பெரும்பாலானவற்றை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது.

பட்டியலில் என்ன இருக்கிறது

பட்டியலின் வடிவம் மிக எளியது. ஒவ்வொரு பதிவும் ஒரு சரம்; முதலில் பெயர், அடுத்து ஒரு சமக்குறி, அதன்பின் மதிப்பு. ஹோம் என்னும் மாறி பயனரின் சொந்தக் கோப்புறை எது என்று சொல்கிறது. லாங் என்பது செய்திகளை எந்த மொழியில் காட்ட வேண்டும் என்பதையும், டிஇசட் என்பது எந்த நேர மண்டலத்தில் கடிகாரத்தைக் காட்ட வேண்டும் என்பதையும் குறிக்கின்றன. இவற்றுள் பலரும் அறிந்தது பாத். ஒரு கட்டளையின் பெயரை மட்டும் தட்டச்சு செய்தால், அதற்குரிய கோப்பை எந்தெந்தக் கோப்புறைகளில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

எண், மெய்-பொய், தேதி, அணி போன்ற தரவு வகைகளுக்கு இங்கே இடமே இல்லை. பாத் கூடப் பார்ப்பதற்குப் பட்டியல்போல இருந்தாலும் உண்மையில் ஒரே நீண்ட சரம்தான். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் கோப்புறைகளின் பெயர்களுக்கு நடுவே முக்காற்புள்ளியை வைக்கிறார்கள். விண்டோஸில் சி, டி என்னும் வட்டுகளின் பெயருக்குப் பின்னாலேயே முக்காற்புள்ளி வந்துவிடுவதால், அங்கே அரைப்புள்ளி அந்த வேலையைச் செய்கிறது.

இந்த ஏற்பாடு இன்றுள்ள வடிவில் 1979-ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் அறிமுகமானது. ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லும், அதாவது நாம் தட்டச்சு செய்யும் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் நிரலும், அதே பதிப்பில்தான் வந்தது. எக்ஸ்போர்ட் என்று நாம் இன்றும் தட்டச்சு செய்யும் கட்டளை அந்த ஷெல்லிலிருந்து வந்ததே. பின்னர் விண்டோஸுக்கு முன்னோடியான டாஸ் இயங்குதளம் தனது 2.0 பதிப்பில் இதே கருத்தை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து அது விண்டோஸுக்கும் வந்து சேர்ந்தது.

நகல் எப்படிக் கைமாறுகிறது

லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் ஒரு புதிய நிரல் இரண்டு படிகளில் பிறக்கிறது. முதலில் ஃபோர்க் என்னும் அழைப்பின்மூலம், ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறை தன்னைப் போலவே இன்னொன்றைப் படைக்கிறது; நினைவகம் முழுவதும் நகலாவதால் சூழல் மாறிகளின் பட்டியலும் தானாகவே நகலாகிறது. அடுத்து, அந்தச் சேய்ச் செயல்முறை எக்செக்விஇ என்னும் அழைப்பின்மூலம் தன் உள்ளடக்கத்தை முற்றிலும் அழித்துவிட்டுப் புதிய நிரலை ஏற்றிக்கொள்கிறது. இந்த அழைப்புக்கு மூன்று பொருள்களைக் கொடுக்க வேண்டும்: நிரல் இருக்கும் கோப்பின் பாதை, கட்டளை வரியில் தரப்படும் உள்ளீடுகள், சூழல் மாறிகளின் பட்டியல். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் பின்னிரண்டையும் புதிய நிரலின் அடுக்கு நினைவகத்தில், அதாவது ஸ்டாக்கின் உச்சியில், நகலெடுத்து வைத்துவிட்டு நிரலை ஓடவிடுகிறது.

அதன்பின் கெர்னலுக்கு இதில் வேலை எதுவும் இல்லை. சி மொழியில் கெட்என்வ் என்னும் செயற்கூறை நாம் அழைக்கும்போது, அது கெர்னலிடம் எதையும் கேட்பதில்லை. வட்டிலுள்ள எந்தக் கோப்பையும் திறப்பதில்லை. நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் சரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, சமக்குறிக்கு முன்னுள்ள பெயர் நாம் கேட்ட பெயரோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறது. பொருந்தினால் சமக்குறிக்கு அடுத்த எழுத்தின் முகவரியைத் தருகிறது, கடைசிவரை பொருந்தாவிட்டால் வெற்றுச் சுட்டியைத் தருகிறது. விண்டோஸில் அழைப்புகளின் பெயர்களும் பட்டியலின் அமைப்பும் வேறானாலும் கருத்து ஒன்றே: க்ரியேட்ப்ராசஸ் என்னும் அழைப்புக்குத் தனியாகப் பட்டியல் எதையும் தராவிட்டால், அழைத்தவரின் பட்டியலே நகலாகிச் செல்கிறது.

நகல் கைமாறிய பிறகு தாய்க்கும் சேய்க்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தாய் தன் பட்டியலை இனி மாற்றினால் சேய்க்குத் தெரியாது. சேய் தன்னுடையதை மாற்றினால் தாய்க்கு ஒருபோதும் தெரியவராது. ஷெல் கட்டளைகளை எழுதிவைத்த ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் பத்து மாறிகளுக்கு மதிப்பளித்து, அதை முனையத்தில் ஓட்டிவிட்டு, அவை முனையத்தில் தங்கியிருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். ஸ்கிரிப்டை ஓட்டத் தொடங்கப்பட்ட சேய் ஷெல் முடிந்தபோது அதன் பட்டியலும் அதோடு போய்விட்டது. சோர்ஸ் என்னும் கட்டளை இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்குக் காரணம், அது புதிய செயல்முறை எதையும் தொடங்காமல், கோப்பிலுள்ள வரிகளை இப்போதுள்ள ஷெல்லுக்குள்ளேயே படித்து நிறைவேற்றுவதுதான்.

ஷெல்லில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. போர்ட் என்னும் பெயருக்கு 8080 என்ற மதிப்பை அளித்துவிட்டு எக்கோ கட்டளையால் அச்சிட்டுப் பார்த்தால் 8080 சரியாகத் தெரியும். ஆனால் அதே முனையத்திலிருந்து தொடங்கப்படும் நிரலுக்கு அந்தப் பெயரே தெரியாது. நாம் உருவாக்கியது ஷெல் தன் சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்துக்கொண்ட ஒரு மாறி. எக்ஸ்போர்ட் கட்டளையால் குறித்தால்தான் அது சேய்களுக்குக் கொடுத்தனுப்பும் பட்டியலில் சேர்கிறது. ஒரே ஒரு முறை, ஒரே ஒரு நிரலுக்கு மட்டும் மதிப்பளிக்க விரும்பினால், அந்த ஒதுக்கீட்டைக் கட்டளையின் பெயருக்கு முன்னால் அதே வரியில் எழுதிவிடலாம். ஷெல்லின் பட்டியல் மாறாது, அந்த நிரல் மட்டும் அதைப் பெறும். சோதனைகளுக்கு இதைவிடத் தூய்மையான வழி இல்லை என்பது என் கருத்து.

முதல் பட்டியல் எங்கிருந்து வந்தது

ஒவ்வொன்றும் தன் தாயிடமிருந்து பெற்றதென்றால், முதலாவதற்கு யார் கொடுத்தது என்ற கேள்வி எழும். லினக்ஸில் இதற்குத் திட்டவட்டமான விடை இருக்கிறது. கெர்னல் தானே தொடங்கிவைக்கும் முதல் செயல்முறைக்கு ஹோம், டெர்ம் ஆகிய இரண்டு மாறிகளைத் தன் நிரலிலேயே எழுதிவைத்துக் கொடுக்கிறது. பிறகு பயனர் உள்நுழையும்போது, உள்நுழைவைக் கவனிக்கும் நிரல் அவருடைய பெயர், சொந்தக் கோப்புறை, அவருக்குரிய ஷெல் போன்றவற்றைச் சேர்க்கிறது. ஷெல் தன் அமைப்புக் கோப்புகளைப் படித்து மேலும் சிலவற்றைச் சேர்க்கிறது. அந்த ஷெல்லிலிருந்து நாம் தொடங்கும் நிரல் இவை அனைத்தையும் பெறுகிறது. வழியிலுள்ள ஒவ்வொருவரும் சேர்க்கலாம், நீக்கலாம், மாற்றலாம்.

விண்டோஸில் நாம் அமைப்புகளில் எழுதும் மதிப்புகள், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியில் இரண்டு இடங்களில் சேமிக்கப்படுகின்றன: கணினி முழுவதற்குமானவை ஓரிடத்தில், அந்தப் பயனருக்கு மட்டுமானவை வேறோரிடத்தில். பயனர் உள்நுழையும்போது இரண்டும் இணைக்கப்பட்டு அவருடைய முதல் பட்டியல் உருவாகிறது. ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால் பயனருடையது வெல்லும், பாத் மட்டும் விலக்காக, கணினிக்கான மதிப்பின் பின்னால் பயனருடையது ஒட்டப்படும். அமைப்புகளில் ஒரு மாற்றத்தைச் செய்து சேமித்தவுடன், அமைப்புகள் மாறியுள்ளன என்னும் அறிவிப்பு திறந்திருக்கும் சாளரங்கள் அனைத்துக்கும் அனுப்பப்படுகிறது. தொடக்கப் பட்டியையும் திரைமுகப்பையும் கவனிக்கும் எக்ஸ்ப்ளோரர் நிரல் அந்த அறிவிப்பைக் கேட்டுத் தன் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்கிறது; ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கட்டளை முனையம் அதைப் பொருட்படுத்துவதில்லை.

தொடக்கத்தில் சொன்ன குழப்பத்தின் முடிச்சு இங்கே அவிழ்கிறது. பழைய முனையம் பழைய பட்டியலோடு பிறந்தது. எக்ஸ்ப்ளோரர் வழியாகப் புதிதாகத் திறந்த முனையம் புதுப்பிக்கப்பட்ட பட்டியலைப் பெற்றது. இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். நிரல் எழுதப் பயன்படுத்தும் தொகுப்பிக்குள்ளேயே இருக்கும் முனையத்தை எத்தனை முறை மூடித் திறந்தாலும் புதிய மாறி தெரியாமல் போகலாம். ஏனென்றால் அந்த முனையத்தின் தாய், எக்ஸ்ப்ளோரர் அன்று, தொகுப்பிதான். மூடித் திறக்க வேண்டியது தொகுப்பியை.

நிரலுக்குள்ளிருந்து படிப்பது

படிப்பதற்கான வசதி ஏறத்தாழ எல்லா மொழிகளிலும் ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. மாறி இல்லாதபோது என்ன செய்வது என்பதில்தான் மொழிகள் வேறுபடுகின்றன. தொடக்கநிலையில் இருப்பவர் கவனிக்க வேண்டியதும் அதைத்தான்.

பைத்தானில் ஓஎஸ் என்னும் கூறில் உள்ள என்விரான் என்னும் பொருளை அகராதி போலவே பயன்படுத்தலாம். சதுர அடைப்புக்குறிக்குள் பெயரைத் தந்து கேட்டால், மாறி இல்லாதபோது கீஎர்ரர் என்னும் பிழை எழும். அதன் கெட் என்னும் வழிமுறையையோ, கெட்என்வ் என்னும் செயற்கூறையோ பயன்படுத்தினால் பிழைக்குப் பதிலாக நன் என்னும் வெறுமதிப்போ, நாம் தரும் மாற்று மதிப்போ கிடைக்கும். நோட் ஜேஎஸ்ஸில் ப்ராசஸ் என்னும் பொருளுக்குள் உள்ள என்வ் வழியாகப் படிக்கிறோம். இல்லாத மாறிக்கு அன்டிஃபைன்ட் கிடைக்கும். கோ மொழியின் கெட்என்வ் வெற்றுச் சரத்தைத் தருவதால், மாறி இல்லையா அல்லது இருந்தும் வெறுமையாக இருக்கிறதா என்பதை அதைக்கொண்டு அறிய முடியாது. அந்த வேறுபாடு தேவைப்படும்போது, மதிப்போடு கூட இருந்ததா இல்லையா என்பதையும் சொல்லும் லுக்அப்என்வ் அங்கே இருக்கிறது. ரஸ்ட் ஒருபடி மேலே போய், மதிப்பு அல்லது பிழை என்ற இரண்டில் ஒன்றாகவே விடையைத் தந்து, இரண்டையும் கையாளாமல் நம்மை நகரவிடுவதில்லை.

ஜாவாவின் கதை சற்று வேடிக்கையானது. எல்லா இயங்குதளங்களிலும் சூழல் மாறிகள் இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால், அதன் பழைய பதிப்புகள் சிலவற்றில் கெட்என்வ் கைவிடப்பட்டு, அழைத்தால் பிழை மட்டுமே தந்தது; 2004-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான் அது திரும்பி வந்தது. இன்றும் ஜாவாவில் தன் சொந்தப் பட்டியலை மாற்ற நேரடி வழி கிடையாது. சேய்ச் செயல்முறைகளுக்குத் தரும் பட்டியலை மட்டுமே அமைக்கலாம். சி ஷார்ப் மொழியில் ஒரு விலக்கு இருக்கிறது: தன் செயல்முறையின் நகலைப் படிப்பதோடு, விண்டோஸில் பயனருக்குரியதை அல்லது கணினிக்குரியதை என்று குறிப்பிட்டுக் கேட்டால், அது ரெஜிஸ்ட்ரியில் சேமிக்கப்பட்ட மதிப்பையே நேரடியாகப் பார்த்துச் சொல்லும்.

இத்தனை வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், மாறியின் இயல்பைப் பொறுத்தது என்பேன். நிரல் தன் செயல்களைப் பற்றிய குறிப்புகளைப் பதிவுக்கோப்பில் எவ்வளவு விரிவாக எழுத வேண்டும் என்பது போன்றவற்றுக்கு ஓர் இயல்புநிலை மதிப்பை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் தரவுத்தளத்தின் முகவரி போன்ற, இல்லாமல் எதுவும் நடக்காத ஒன்றுக்கு மாற்று மதிப்பைக் கற்பித்து வைப்பது ஆபத்தானது. எங்கோ ஒரு சேவையகத்தில் மாறியை அமைக்க மறந்துவிட்டால், நிரல் அமைதியாகத் தவறான தரவுத்தளத்தோடு பேசிக்கொண்டிருக்கும். அத்தகைய மாறிகளை நிரலின் தொடக்கத்திலேயே ஒருமுறை படித்து, எது இல்லையோ அதன் பெயரைச் சொல்லி நிரலை நிறுத்திவிடுவதே நல்லது. நிரலின் பல மூலைகளிலிருந்தும் அவ்வப்போது கெட்என்வ்வை அழைப்பதைவிட, எல்லாவற்றையும் ஓரிடத்தில் படித்து, தக்க வகைகளுக்கு மாற்றி, ஒரு பொருளில் அடுக்கி வைத்துக்கொண்டால், எந்தெந்த மாறிகள் தேவை என்பதை அறிய நிரல் முழுவதையும் தேட வேண்டியிராது.

மதிப்பு எப்போதும் சரமே

வகை மாற்றத்தை நாம்தான் செய்ய வேண்டும் என்பதை மறந்தவர்கள் பலர். டீபக் என்னும் மாறிக்கு ஃபால்ஸ் என்ற சொல்லை மதிப்பாக அளித்துவிட்டு, பைத்தானில் அதை பூல் என்னும் செயற்கூறுக்குள் இட்டால் ட்ரூ என்றே வரும். காரணம், பைத்தானுக்கு வெறுமையல்லாத எந்தச் சரமும் மெய்யே. அதற்குள் எழுதியிருக்கும் சொல்லின் பொருளை அது படிப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டிலும் இதே நிலைதான். எந்தெந்தச் சொற்களை மெய்யாகக் கொள்வது என்று ஒரு சிறிய தொகுதியை வகுத்துக்கொண்டு, மதிப்பைச் சிறிய எழுத்துகளுக்கு மாற்றி ஒப்பிடுவதே சரியான முறை. எண்களுக்கும் அவ்வாறே, எட்டு என்னும் எண்ணும் 8 என்னும் எழுத்தும் வேறு வேறு. நோட் ஜேஎஸ்ஸில் எழுதும்போதும் இந்தப் பொறி காத்திருக்கிறது: என்வ் பொருளின் ஒரு மாறிக்கு அன்டிஃபைன்ட் என்னும் மதிப்பை ஒதுக்கினால் அது நீக்கப்படுவதற்குப் பதிலாக, அந்தப் பெயரையே எழுத்துகளாகக் கொண்ட சரமாக மாறி உட்கார்ந்துகொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் தரும் தொல்லை இதைவிட மோசமானது. விண்டோஸின் பழைய கட்டளை முனையத்தில் செட் கட்டளையின்மூலம் மதிப்பை மேற்கோள் குறிகளுக்குள் எழுதினால், அந்தக் குறிகளும் மதிப்பின் பகுதியாகிவிடும். யூனிக்ஸ் ஷெல்களில் அவை நீக்கப்பட்டுவிடும். அதே முனையத்தில் மதிப்பை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு உம்மைக்குறிகளால் (&&) அடுத்த கட்டளையை இணைத்தால், அந்த இடைவெளியும் மதிப்போடு ஒட்டிக்கொள்ளும். கடவுச்சொல் சரியாக இருந்தும் ஏற்கப்படவில்லை என்றால், மதிப்பின் நீளத்தை அச்சிட்டுப் பார்ப்பது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பெயர்களிலும் வேறுபாடு இருக்கிறது. யூனிக்ஸ் வகைகளில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு; விண்டோஸில் இரண்டும் ஒன்றே. பெரிய எழுத்துகள், இலக்கங்கள், அடிக்கோடு ஆகியவற்றை மட்டும் பயன்படுத்தி, இலக்கத்தில் தொடங்காமல் பெயரிட்டால் எங்கும் சிக்கல் வராது.

முனையத்தில் ஓடியது, அட்டவணையில் ஓடவில்லை

ஒரு நிரல் முனையத்தில் நன்றாக ஓடுகிறது. அதையே ஒவ்வோர் இரவும் தானாக ஓடும்படி க்ரான் அட்டவணையில் சேர்த்தால் தோற்றுப்போகிறது. பட்டியல் தாயிடமிருந்து வருகிறது என்பதை அறிந்தவருக்கு இதில் வியப்பில்லை. முனையத்தில் அந்த நிரலின் தாய், நம் அமைப்புக் கோப்புகளைப் படித்துப் பலவற்றைச் சேர்த்துக்கொண்ட ஷெல். இரவில் அதன் தாய், மிகச் சிறிய பட்டியலோடு இயங்கும் க்ரான். அங்கே பாத் மாறியில் பெரும்பாலும் ஓரிரு கோப்புறைகளே இருக்கும். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தொடங்கிவைக்கும் நிரல்களும் நம் ஷெல்லின் அமைப்புக் கோப்புகளைப் படிப்பதில்லை. நிர்வாகி உரிமையோடு நிரலை ஓட்ட உதவும் சூடோ கட்டளையும், பாதுகாப்புக் கருதி, இயல்பாகவே பட்டியலின் பெரும்பகுதியைக் களைந்துவிட்டுத்தான் நிரலைத் தொடங்குகிறது.

மாறிகளின் பெயர்களையும் மதிப்புகளையும் எழுதிவைக்கும், புள்ளியில் தொடங்கும் என்வ் கோப்பைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் இயங்குதளம் அதைத் தானாகவே படிக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. இயங்குதளத்துக்கு அது வெறும் உரைக்கோப்பு. நிரலில் நாம் சேர்க்கும் ஏதேனுமொரு நூலகமோ, நிரலைத் தொடங்கும் கருவியோதான் அதைத் திறந்து, வரிகளைப் பிரித்து, செயல்முறையின் பட்டியலில் சேர்க்கிறது. பைத்தானில் இதற்குப் பரவலாகப் பயன்படும் டாட்என்வ் நூலகம், ஏற்கெனவே இருக்கும் மாறியை இயல்பாக மாற்றுவதில்லை. கோப்பில் மாற்றிய மதிப்பு நிரலில் தெரியவில்லை என்றால், அதே பெயர் ஷெல்லிலிருந்து முன்பே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இணைய உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்கோ சூழல் மாறிகளே கிடையாது; அங்கே அவை கிடைப்பதுபோலத் தோன்றுவது, நிரலைக் கட்டமைக்கும் கருவி அந்த நேரத்திலிருந்த மதிப்பை நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவதால்தான். அப்படி எழுதப்பட்டதைப் பக்கத்தைத் திறக்கும் எவரும் படிக்கலாம்.

ரகசியங்களும் நம்பிக்கையும்

கடவுச்சொற்களையும், பிற சேவைகளை அணுகப் பயன்படும் ஏபிஐ திறவுகோல்களையும் நிரலின் மூலத்தில் எழுதாமல் சூழல் மாறிகளில் வைக்கச் சொல்வது நல்ல அறிவுரை. மூலத்தில் எழுதியது, நிரலின் பழைய பதிப்புகளையெல்லாம் காத்துவைக்கும் கிட் களஞ்சியத்தின் வரலாற்றில் தங்கிவிடும். பிறகு அழித்தாலும் பழைய பதிப்பில் அது இருந்துகொண்டே இருக்கும். என்வ் கோப்பைக் களஞ்சியத்தில் சேர்க்காமல் விலக்கி வைப்பதும் இதற்காகவே. ஆனால் சூழல் மாறி ஒரு பூட்டிய பெட்டி என்று எண்ணிவிடக் கூடாது. நிரல் தொடங்கும் ஒவ்வொரு சேய்ச் செயல்முறையும், அதற்குத் தேவையோ இல்லையோ, இயல்பாக முழுப் பட்டியலையும் பெறுகிறது. பிழை நேரும்போது பட்டியலை அப்படியே பதிவுக்கோப்பில் கொட்டும் கருவிகளும் இருக்கின்றன.

எதிர்த்திசையிலும் கவனம் தேவை. சூழல் மாறி வெளியிலிருந்து வரும் உள்ளீடு. பயனர் தட்டச்சு செய்வதை எவ்வளவு நம்புவோமோ அவ்வளவே அதையும் நம்பலாம். 2014 செப்டம்பரில் வெளிச்சத்துக்கு வந்த ஷெல்ஷாக் குறைபாடு இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. பாஷ் ஷெல், செயற்கூறுகளைச் சேய் ஷெல்களுக்குக் கடத்த சூழல் மாறிகளைப் பயன்படுத்தியது. மதிப்பு செயற்கூறு போலத் தொடங்கினால் அதைப் படித்து, அதன் முடிவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கட்டளைகளையும் சேர்த்து நிறைவேற்றிவிட்டது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு நிரலைத் தொடங்கும் சிஜிஐ முறையில் இயங்கும் இணையச் சேவையகங்களோ, உலாவி கோரிக்கையோடு அனுப்பும் தலைப்புகளை, அதாவது ஹெடர்களை, சூழல் மாறிகளாக்கித்தான் நிரலுக்குக் கொடுக்கின்றன. ஆகவே, உலாவியின் பெயரைச் சொல்லும் தலைப்பில் தகுந்த எழுத்துகளை வைத்து அனுப்பிய எவரும், எங்கிருந்தும், அந்தச் சேவையகத்தில் தாம் விரும்பிய கட்டளையை ஓட்ட முடிந்தது. இந்தக் குறைபாடு 1989 முதலே பாஷ் ஷெல்லில் யார் கண்ணிலும் படாமல் இருந்துவந்தது. 2016-இல் எச்டிடிபாக்ஸி என்று பெயர்பெற்ற இன்னொன்றும் இதே வழியில் வந்தது: ப்ராக்ஸி என்னும் தலைப்பை அனுப்பினால் அது இணையப் போக்குவரத்தை எந்த இடைநிலைச் சேவையகம் வழியாக அனுப்ப வேண்டும் என்று சொல்லும் எச்டிடிபி_ப்ராக்ஸி என்னும் சூழல் மாறியாகிவிட, பல நூலகங்கள் அதைக் கணினியின் உண்மையான அமைப்பு என்று நம்பித் தங்கள் போக்குவரத்தைத் தாக்குபவர் காட்டிய வழியில் அனுப்பின.

கடைசியாக, ஒரு மாறி ஏன் தெரியவில்லை என்று தேடும்போது பயன்படும் ஒரு கருவி. லினக்ஸில் ப்ராக் என்னும் கோப்புறைக்குள், ஒவ்வொரு செயல்முறைக்கும் அதன் எண்ணைப் பெயராகக் கொண்ட உட்கோப்புறை இருக்கும். அதற்குள்ளே என்விரான் என்னும் கோப்பு, அந்தச் செயல்முறை எந்தப் பட்டியலோடு தொடங்கியது என்பதைக் காட்டும். அதே பயனரும் நிர்வாகியும் மட்டுமே அதைப் படிக்க முடியும். பதிவுகளுக்கு நடுவே வரிமுறிவுக்குப் பதிலாகச் சுழிய எழுத்து இருப்பதால், அதை வரிமுறிவாக மாற்றிக்கொண்டு படிக்க வேண்டும். சேவையகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமலே, அதற்கு அந்த மாறி வந்து சேர்ந்ததா என்பதை இதன்மூலம் அறிந்துவிடலாம். வரவில்லையென்றால் அதன் தாயின் எண்ணைக் கண்டுபிடித்து, அதே கோப்பை அங்கேயும் பார்த்து, சங்கிலியில் எந்தக் கண்ணியில் அது விடுபட்டது என்று மேல்நோக்கிப் போகலாம். ஆனால் அந்தக் கோப்பு காட்டுவது தொடக்கப் பட்டியலை மட்டுமே. நிரல் ஓடத் தொடங்கிய பிறகு தானாகச் சேர்த்துக்கொண்ட மாறிகள், என்வ் கோப்பிலிருந்து நூலகம் சேர்த்தவை உட்பட, பெரும்பாலும் அதில் தென்படமாட்டா. அவற்றைக் காண வேண்டுமானால் நிரலுக்குள்ளிருந்தே அச்சிட்டுப் பார்க்க வேண்டும்.